சேலத்திலிருந்து சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

ஏற்காட்டில் இருக்கும் தாயாரை முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ளப் போகும் மகள் ஒருவர் கேட்ட கேள்வி இது. "சேலத்திலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்? இணையத்தில் தேடினால் 3 மணி 40 நிமிடம் என்று வருகிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் பார்த்தால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். திரும்பும் டிக்கெட்டிலோ இரண்டு மணி நேரம்கூட இல்லை. எது சரி? அம்மாவை எந்த விமான நிலையத்திலிருந்து அனுப்பினால் நல்லது?"

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். சேலத்துக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 3,070 கி.மீ. திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் போனால் பயண நேரம் நான்கேகால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டு வீட்டு வாசலில் கிளம்பி சாங்கி விமான நிலையத்தின் வெளிவாசலில் உங்களைப் பார்க்கும் வரை பன்னிரண்டு முதல் பதின்மூன்று மணி நேரம். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது இந்தக் கடைசிக் கணக்குதான். சேலத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதே தொழிலாக இருக்கிற என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டை மட்டுமே கேட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு அவதிப்படுவது எல்லாம் மூன்றாவதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தூரத்திலிருந்து தொடங்கலாம். இணையத்தில் கிடைக்கும் 3,070 என்ற எண், பூமியின் உருண்டைப் பரப்பின் மேல் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். அந்தக் கோட்டில் யாரும் பயணம் செய்வதில்லை. ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரவில் அங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பார்த்தால் சேலத்தின் விளக்குகள் காலடியில் கிடப்பதுபோல் தெரியும். நேர்க்கோட்டில் அளந்தால் ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் 14 கி.மீ. அளவுதான். பஸ்ஸில் இறங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு 30 கி.மீ. வந்துவிடுகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். வானத்தில் மலை குறுக்கே நிற்பதில்லை என்பதால் இவ்வளவு வித்தியாசம் அங்கே வராது. ஆனாலும் விமானம் ஓடுபாதையின் திசையில் எழும்பி, திரும்பி, குறிக்கப்பட்ட வான்பாதையைப் பிடித்து, இறங்கும் ஊரில் வரிசையில் காத்திருந்து சுற்றி வரும்போது நூறு கிலோமீட்டர் வரை கூடிப்போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேலத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமே கிடையாது. கணக்குப் போடும் மென்பொருளுக்கு அந்தக் கவலை இல்லை. எந்த இரண்டு ஊரின் பெயரைக் கொடுத்தாலும் தூரத்தை அளந்து, ஒரு வேகத்தால் வகுத்து, விடையை எழுதிவிடும். நீங்கள் பார்த்த 3 மணி 40 நிமிடமும் அப்படி வந்ததுதான். 3,070 கி.மீ. தூரத்தை மணிக்கு 840 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். அந்த வேகம் தவறில்லை. நம் ஊர் விமான நிறுவனங்கள் ஓட்டும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்தில் போகும்போது ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் போகின்றன. எழும்பும் நேரத்திலும் இறங்கும் நேரத்திலும் அவை அந்த வேகத்தில் போவதில்லை. வகுத்துப் போட்ட கணக்கு தவறிப்போவது இங்கேதான்.

உயரத்தில் 10, 11 கி.மீ. வரை ஏறுவதற்கு ஜெட் விமானத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இறங்கத் தொடங்குவதும் ஊரை நெருங்கிய பிறகு அல்ல. சேருமிடத்துக்கு ஏறக்குறைய 200 கி.மீ. முன்பே இயந்திரத்தின் விசையைக் குறைத்துவிடுவார்கள். 10,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் உள்ள விதி. ஓடுபாதையை நெருங்க நெருங்க இன்னும் குறையும். இதற்கு மேல், டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்படும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் அன்று. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்கு நகரத் தொடங்கும் நேரம் அது. சேரும் நேரம் என்பதும் அங்கே போய் நிறுத்துமிடத்தில் நிற்கும் நேரம். நடுவில் தரையில் ஊர்ந்து போகும் நேரமும் இதில் சேர்த்தி. சாங்கி பெரிய விமான நிலையம். இறங்கிய பிறகு பத்து, பதினைந்து நிமிடம் விமானம் ஊர்ந்துகொண்டே இருந்தால் அம்மா பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தூரம் குறையக் குறைய இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். நம் சேலத்துக் காமலாபுரம் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் 266 கி.மீ. இங்கே வந்துபோவது ஏடிஆர் 72 வகை, இறக்கைக்கு முன்னால் விசிறி சுழலும் சிறிய விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 510 கி.மீ. வகுத்துப் பார்த்தால் 31 நிமிடம். அட்டவணையில் போடுவதோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். முழு வேகத்தில் போகக் கிடைப்பது கொஞ்ச தூரம்தான். ஏறி முடித்து நிமிர்வதற்குள் இறங்கும் அறிவிப்பு வந்துவிடும். சிங்கப்பூர்ப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும் மொத்த நேரத்தில் சிறு பங்குதான் என்பதால் 3 மணி 40 என்பது நான்கேகாலாக மட்டுமே வளர்கிறது. சென்னைப் பயணத்தில் அதே காரணம் நேரத்தை இரட்டிப்பாக்கிவிடுகிறது.

காற்றும் ஒரு காரணம். மேற்கிலிருந்து கிழக்கே போகும் விமானத்துக்கு எப்போதும் பின்காற்று கிடைக்கும், அதனால் போகும்போது சீக்கிரம், வரும்போது தாமதம் என்று பலரும் நினைக்கிறார்கள். லண்டனிலிருந்து டில்லி வந்து திரும்புகிறவர்களுக்கு அது பொருந்தும். நம் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரைக்கு அருகில் மேற்கிலிருந்து ஈரக்காற்று வீசும்போது, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு காற்றோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவதால் வடக்கே மேல்வானம் வெப்பமாகவும் தெற்கே அதைவிடக் குளிராகவும் இருப்பது இதற்கு முக்கியமான காரணம். இந்திய வானிலை அறிவியலாளர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்குத் தெரியப்படுத்தினார். இந்தக் காற்றின் உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் போகும். அது 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. நம் விமானங்கள் அதற்குக் கீழே பறந்தாலும் அதன் வீச்சை உணரவே செய்யும். ஆடி மாதத்தில் சிங்கப்பூர் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. வித்தியாசம் கால் மணி நேரம் அளவுக்கு வரலாம். விமான நிறுவனங்கள் இதையெல்லாம் சேர்த்துத்தான் அட்டவணையில் நேரம் போடுகின்றன. அதனால் டிக்கெட்டில் உள்ள நேரத்துக்குச் சில நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு.

இப்போது டிக்கெட்டுக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, திருச்சியில் புறப்பாடு இரவு 11.00, சிங்கப்பூரில் சேர்வது காலை 5.45 என்று இருக்கிறது. சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறியும் 1 என்ற எண்ணும் இருக்கும். மறுநாள் என்று அதற்குப் பொருள். கழித்துப் பார்த்தால் 6 மணி 45 நிமிடம். ஆனால் 11.00 என்பது இந்திய நேரம், 5.45 என்பது சிங்கப்பூர் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 6.45-இலிருந்து 2.30-ஐக் கழித்தால் 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 7.00 மணிக்குப் புறப்பட்டு திருச்சியில் 8.45-க்குச் சேர்வதாக இருந்தால், அந்த ஒன்றே முக்கால் மணியோடு இரண்டரையைக் கூட்ட வேண்டும். மறுபடியும் அதே 4 மணி 15 நிமிடம். டிக்கெட்டில் எந்த ஊருக்கு அருகில் நேரம் போட்டிருக்கிறதோ அது அந்த ஊரின் கடிகார நேரம். இந்த ஒரு விஷயம் மனத்தில் நின்றுவிட்டால் உலகத்தில் எந்த டிக்கெட்டையும் படித்துவிடலாம்.

இந்த இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதும் நல்லதே. சேலம் சுமார் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, சிங்கப்பூர் 104-க்குச் சற்றுக் குறைவாக. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று சூரியன் கணக்குப்படி பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே 1 மணி 43 நிமிடம்தான் வர வேண்டும். சிங்கப்பூர் தன் இடத்துக்கு உரிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முந்திய கடிகாரத்தை வைத்திருக்கிறது. 1981 முடியும் வரை அங்கே நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் கூடுதல். 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால்தான் அங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கிறது. ஏற்காட்டில் விடியும் முன்பே எழுந்து வாசல் தெளிக்கிற அம்மா, அங்கே ஆறரை மணிக்குக் கண் விழித்து வெளியே பார்த்தால் இருட்டாகவே இருக்கும். முதல் சில நாள்கள் தூக்கம் கொஞ்சம் தடுமாறும். பயப்பட ஒன்றுமில்லை.

இடையில் ஒரு செய்தி. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்க்கோடு போட்டால் அது வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கமாகக் கடலுக்குள் இறங்கி, யாழ்ப்பாணத்துக்கு வடக்கே கடந்து, வங்கக் கடலைத் தாண்டி, நிக்கோபார் தீவுகளைச் சற்று வடக்கே விட்டுவிட்டு, சுமத்திராவின் வடபகுதிக்கு மேலாக மலாக்கா நீரிணையை அடைகிறது. இராசேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கடற்படை அனுப்பி வென்றதாக மெய்க்கீர்த்தி பாடும் மாநக்கவாரம் (நிக்கோபார்), இலாமுரிதேசம் (சுமத்திராவின் வடமுனை), கடாரம் (மலேசியாவின் கெடா) எல்லாம் இந்தக் கோட்டின் இரு பக்கங்களில்தான் கிடக்கின்றன. அதே கடலில் 1973 வரை ரஜூலா கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. அந்தப் பயணம் ஒரு வாரம் போல ஆகும். உங்கள் குடும்பத்திலும் மூத்தவர்கள் யாராவது அதில் போயிருந்தால் அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த விமான நிலையம்? சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் சேர்ந்தே இருக்கின்றன. திருச்சி, கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு பன்னாட்டு விமான நிலையங்களுக்கு நடுவில் நாம் இருக்கிறோம். சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டில் அளந்தால் சென்னையிலிருந்து 2,920, திருச்சியிலிருந்து 2,980, கோயம்புத்தூரிலிருந்து 3,160, பெங்களூரிலிருந்து 3,180 கி.மீ. அளவு. மிக அருகில் இருப்பதற்கும் மிகத் தொலைவில் இருப்பதற்கும் 260 கி.மீ.தான் வித்தியாசம். விமானத்துக்கு அது இருபது நிமிடம். ஆகவே வானத்தில் உள்ள தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தரையில் உள்ள தூரம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெங்களூரை நான் முதலில் தள்ளிவிடுவேன். ஓமலூர், தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சாலை நன்றாகத்தான் இருக்கிறது. விமான நிலையமோ ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில். ஓசூர் வழியாக நுழைகிற நாம் நகரத்தைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். சேலத்திலிருந்து 240 கி.மீ. அளவு வரும், பெங்களூர் நெரிசல் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. தொப்பூரில் லாரி ஒன்று கவிழ்ந்தாலும் நின்றுவிட வேண்டியதுதான். வயதானவரை வைத்துக்கொண்டு அந்தப் பதற்றம் வேண்டாம்.

சென்னை தூரம் அதிகம். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாக 330 கி.மீ.க்கு மேல். அங்கே நமக்குச் சாதகமான ஒன்று, விமான நிலையம் ஊரின் தென்புறத்தில், நாம் நுழையும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருப்பது. நகரத்துக்குள் போகவே வேண்டாம். ரயிலில் போவதானால் விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு ரயிலில் தாம்பரத்தில் இறங்கினால் போதும், அங்கிருந்து திரிசூலம் மின்சார ரயிலில் சிறிது நேரம்தான். ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாகச் சென்ட்ரல் போகும் ரயிலில் ஏறினால் சென்னையின் மறுபக்கத்தில் போய் இறங்கி, மெட்ரோவில் திரும்பி வர வேண்டியிருக்கும். வேறு வழி இல்லாதபோதும், பகல் நேர விமானம்தான் வேண்டும் என்கிறபோதும் சென்னை நல்லது.

காமலாபுரத்தில் ஏறிச் சென்னையில் மாறிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். 1993-இல் திறந்த விமான நிலையம் அது. சேவை வருவதும் நின்றுபோவதுமாகவே அதன் வரலாறு போகிறது. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது, பிறகு நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஓடுபாதை 1,800 மீட்டர் அளவு, ஏடிஆர் போன்றவற்றுக்குத்தான் ஏற்றது. ஊருக்கு விமானம் வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனாலும் முதல் பயணத்தில் அம்மாவை இப்படி அனுப்புவதானால் ஒரு நிபந்தனை: சேலம் முதல் சிங்கப்பூர் வரை ஒரே முன்பதிவு எண்ணில் டிக்கெட் இருக்க வேண்டும். தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்து, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். கொழும்பு, கோலாலம்பூர் வழியாக மலிவு விலையில் கிடைக்கும் டிக்கெட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மீதி இருப்பவை திருச்சியும் கோயம்புத்தூரும். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான். சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்து விமானங்கள் அதிகம், கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து எடுக்க வாய்ப்பு உண்டு. 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட புதிய முனையம் இடவசதியோடு இருக்கிறது. சீலநாயக்கன்பட்டியில் பிரிந்து நாமக்கல், தொட்டியம், முசிறி வழியாகக் காவிரிக் கரையை ஒட்டிப் போகலாம். சேலத்திலிருந்து 140 கி.மீ.தான் என்றாலும் நாமக்கல்லுக்கு அப்பால் ஊர்கள் நெருக்கமாக வருவதால் வேகம் கிடைக்காது. விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் இருப்பதால் திருச்சி நகரத்தையும் கடக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூருக்கு கொண்டலாம்பட்டியில் ஏறினால் சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி என்று அகலமான சாலை. பீளமேட்டு விமான நிலையம் நகரத்துக்கு முன்னாலேயே, நாம் வரும் அவிநாசி சாலைப் பக்கமே வந்துவிடுகிறது. 150 கி.மீ. இரண்டரை மணி நேரத்தில் முடியும். விமானத்தில் கால் மணி கூடினாலும் சாலையில் அதற்கு மேல் மிச்சமாகிவிடும். கோயம்புத்தூரிலிருந்து நேரடி விமானம் உங்களுக்கு வேண்டிய நாளில், தாங்கக்கூடிய விலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் திருச்சி.

இனி வாசலிலிருந்து வாசல் வரை கூட்டிப் பார்ப்போம். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வந்து சேலத்தைத் தாண்ட ஒன்றே கால் மணி. திருச்சி வரை மூன்று மணி. பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். விமானத்தில் நான்கேகால். சாங்கியில் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி. ஆக மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். இதில் விமானத்தில் கழிவது மூன்றில் ஒரு பங்கு. பெரும்பகுதி காரிலும் வரிசையிலும் நாற்காலியிலும்தான். அம்மாவின் சாப்பாடு, மாத்திரை, ஓய்வு எல்லாவற்றையும் இந்தப் பன்னிரண்டரை மணி நேரத்துக்குத் திட்டமிடுங்கள். நீண்ட நடை முடியாதவர் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். விமான நிலையத்துக்குப் போன பிறகு கேட்டால் காத்திருக்க வேண்டி வரும். சிங்கப்பூருக்கான வருகை அட்டையை இணையத்தில், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, நீங்களே அங்கிருந்து நிரப்பிவிடலாம்.

மழைக்காலத்தில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்துவது உண்டு. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, அயோத்தியாப்பட்டணம் பக்கம் இறங்கலாம். ஆனால் பெருமழை பெய்தால் இரண்டுமே சிக்கலாகலாம். அந்த மாதங்களில் பயணம் என்றால் முதல் நாளே கீழே இறங்கி சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிடச் சொல்லுங்கள்.

காது அடைப்பதைப் பற்றி அம்மா கட்டாயம் கேட்பார். அவருக்கு அது புதிது இல்லை. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். ஒவ்வொரு முறை பஸ்ஸில் இறங்கும்போதும், ஏழெட்டு வளைவுகளைத் தாண்டியதும் காது ‘ம்ம்’ என்று அடைத்து, எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று திறந்துகொள்ளுமே, விமானத்தில் நடப்பதும் அதேதான். விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைத்திருப்பார்கள். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கு மேல். அதைவிடக் கொஞ்சம் உயரமான இடத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் போதும். இறங்கத் தொடங்கும் அந்தக் கடைசி அரை மணியில் தூங்காமல், மிட்டாயோ கற்கண்டோ வாயில் போட்டு விழுங்கிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கடுமையான சளி பிடித்திருந்தால் மட்டும் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, டிக்கெட் எடுக்கும்போதே பார்க்க வேண்டிய ஒன்று. சிங்கப்பூர் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. 15-ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால் அது 15-ஆம் தேதி இரவு அன்று, 14-ஆம் தேதி இரவு தாண்டிய பின் வரும் நேரம். ஏற்காட்டிலிருந்து 14-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். இந்தத் தேதிக் குழப்பத்தில் மறுநாள் இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று திரும்பி வந்த குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அதனால் அம்மா வீட்டு நாட்காட்டியில் விமானம் புறப்படும் தேதியை எழுத வேண்டாம். வீட்டை விட்டு இறங்க வேண்டிய தேதியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கார் ஓட்டுநருக்கும் அதையே சொல்லுங்கள்.